மாமியின் நோய் எந்தக் குடிக்கு உரியது?

கேள்வி: நான் திருக்கோவிலைச் சேர்ந்தவள். எனக்கு வயது 39. மகளுக்கு 14, மகனுக்கு 9. அப்பாவின் தங்கையான என் மாமி 46 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய மகன்தான் என் கணவர். கட்டியை ஒரு வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாமல் எண்ணெயும் பத்தும் போட்டுப் பார்த்துவிட்டு, அது புண்ணான பிறகே மாமி வைத்தியசாலைக்குப் போனார். இப்போது பெரியப்பாவின் மகளான அக்காவுக்கும் 44 வயதில் அதே நோய் என்று கண்டிருக்கிறார்கள். "அது அவங்கட குடியில வாற வருத்தம், நம்மட குடிக்கு வராது" என்று, தாய்வழியாக வரும் குலப்பிரிவான குடியை வைத்து என் அம்மா உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா? என் மகளுக்கு வருமா? வராமல் தடுக்க வழி உண்டா? ஊசி குத்தினாலோ கத்தி பட்டாலோ நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே, அது சரியா? இன்னொன்று: சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கச்சான் பருப்பளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறது. நோவு இல்லாதபடியால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை, தன் தாய் பட்ட பாட்டைப் பார்த்தவரிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் "இன்னொன்று" என்று கடைசியில் எழுதியிருப்பதையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். சத்திரசிகிச்சைக் கிளினிக்கிலும் இப்படித்தான் நடக்கும். முழங்கால் நோவையும் நெஞ்செரிவையும் சொல்லி முடித்து, மருந்துத் துண்டையும் வாங்கிக்கொண்டு எழுந்து கதவடிவரை போன பெண், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே திரும்பி நின்று, "இன்னொன்று டொக்டர்" என்பார். காலையில் முதல் பஸ் ஏறி வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான் என்பது எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகே புரிந்தது.

எனவே குடியைப் பற்றியும் மகளைப் பற்றியும் நான் கீழே எழுதுவதை நீங்கள் ஆறுதலாக வாசிக்கலாம். ஆனால் இந்த வாரத்துக்குள் அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ போய், வெளிநோயாளர் பிரிவில் "மார்பில் இரண்டு மாதமாக ஒரு கட்டி இருக்கிறது" என்று சுற்றிவளைக்காமல் சொல்லி, சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்கு நாள் எடுங்கள். திருக்கோவில் வைத்தியசாலையிலோ உங்களுக்குப் பழக்கமான குடும்ப வைத்தியரிடமோ காட்டி, அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போவதானாலும் சரிதான். ஆண் வைத்தியர் பார்ப்பாரே என்ற கூச்சம் இருந்தால், பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை, அதற்காக எவரும் முகம் சுளிக்கக் கூடாது. மாதாந்தம் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். அது நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்களைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது; உங்களுக்கு ஏற்கெனவே ஒரு குறி இருக்கிறது.

நோவு இல்லை என்பதை நீங்கள் நல்ல செய்தியாக எடுத்திருக்கிறீர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். உடம்பில் எது நோகிறதோ அதுதான் வருத்தம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த எண்ணம். மார்பகத்தில் இந்தக் கணக்கு ஏறக்குறையத் தலைகீழாகிவிடும். மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் இரண்டு மார்பகங்களும் கனத்து நோவது ஓமோன்களின் ஏற்ற இறக்கத்தால் வருவது, அது தானாகவே அடங்கும். புற்றுநோய்க் கட்டிகளோ தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதே இல்லை. மாதவிடாயோடு வந்து மாதவிடாயோடு போகும் கட்டியாக இருந்திருந்தால் ஒரு சுற்றுப் பொறுத்துப் பாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். உங்களுடையது இரண்டு சுற்றைத் தாண்டியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதை வாசித்துப் பயந்துவிடாதீர்கள். மார்பில் கட்டி என்று வரும் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. நீர் கோத்த பையாகவோ, நாரிழையம் திரண்ட சாதாரணக் கட்டியாகவோ, பால் சுரப்பிகள் தடித்ததாகவோ இருக்கும். ஆனால் நீங்கள் அந்த எட்டுப் பேரில் ஒருவரா மற்ற இருவரில் ஒருவரா என்பதை உங்கள் விரலோ என் எழுத்தோ சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வதற்கு மூன்று பரிசோதனைகள் இருக்கின்றன, அவை மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலாவது, வைத்தியரின் கை. உங்களை உட்கார வைத்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றச் சொல்வார், பிறகு தலைக்கு மேல் உயர்த்தச் சொல்வார். கட்டி தோலையோ உள்தசையையோ பற்றி இழுத்துக்கொண்டிருந்தால், அப்படி உயர்த்தும்போது அந்த இடத்தில் சிறு குழி விழும். பிறகு படுக்க வைத்து, விரல்களின் தட்டையான பகுதியால் இரண்டு மார்பகங்களையும் இரண்டு அக்குள்களையும் கழுத்தெலும்புக்கு மேலுள்ள பள்ளத்தையும் தடவிப் பார்ப்பார். நோயில்லாத பக்கத்தை ஏன் பார்க்கிறார் என்று யோசிக்க வேண்டாம். உங்கள் உடம்பில் எது இயல்பு என்பதை அந்தப் பக்கந்தான் அவருக்குச் சொல்லும். இரண்டாவது, படம். 40ஐ நெருங்கும் வயதில் மமோகிராம் என்னும் எக்ஸ்றேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் இரண்டுமே தேவைப்படலாம். மமோகிராமில் மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கிடையில் வைத்துச் சில வினாடிகள் அழுத்துவார்கள்; அந்த அழுத்தம் சிலருக்கு நோகும், ஆனால் தட்டுகளை எடுத்தவுடன் போய்விடும். இளவயதில் மார்பக இழையம் செறிந்திருப்பதால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளைக் கட்டி மறைந்துகொள்ளும். அவ்விடத்தில் ஸ்கான் கைகொடுக்கும். எனவே "மமோகிராமில் ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வந்து, கையில் மட்டும் கட்டி தட்டுப்பட்டால், பரிசோதனை முடிந்துவிட்டதாக எவரும் சொல்ல இடங்கொடாதீர்கள்.

மூன்றாவது, ஊசிப் பயொப்சி. உங்கள் ஊரில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். தோலை விறைக்கச் செய்ய ஒரு சிறு ஊசி போட்டு, அதன் பின்னர் நூல் போன்று மெல்லிய இழையத் துண்டுகள் சிலவற்றை வேறொரு ஊசியால் எடுப்பார்கள். அந்தக் கருவி காகிதம் தைக்கும் ஸ்டேப்ளர் அடிப்பதைப்போல் "டக்" என்று சத்தமிடும். முதற்சத்தத்துக்குத் துள்ளாதவர் குறைவு, அதனால் அடிப்பதற்கு முன் ஒருதரம் வெறுமனே அடித்துக் காட்டுவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். எடுத்த துண்டுகளை ஒரு சிறு போத்தலில் இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். போத்தலில் உங்கள் பெயரும் எந்தப் பக்க மார்பு என்பதும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதைக் கேட்கும் நோயாளியை நான் மதிப்பேன்.

ஊசி குத்தினால் பரவும் என்ற பேச்சு எப்படி வந்திருக்கும் என்பதற்கு உங்கள் மாமியின் கதையே போதும். ஒரு வருடம் எண்ணெய் பூசினார்; அதற்குள் நோய் அக்குளுக்கும் அதற்கு அப்பாலும் போயிருக்கும். பிறகு வைத்தியசாலையில் ஊசி போட்டார்கள், கத்தி வைத்தார்கள்; சில மாதங்களில் அவர் போய்விட்டார். வீட்டில் இருந்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது கடைசி மாதங்கள் மட்டுமே. எண்ணெய் பூசிய மாதங்களில் உள்ளே நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, எனவே பழி கத்தியின் மேல் விழுந்தது. ஊசிப் பயொப்சியால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பயொப்சி இல்லாமல் எந்த மருந்து பொருந்தும் என்று தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

பயொப்சி எடுத்த பின் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு தாயின் பயொப்சி அறிக்கை ஏழு வாரம் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. "ஒன்றும் இருந்தால் கூப்பிடுவார்கள்தானே" என்று அவர் வீட்டில் இருந்தார். "வந்தால் கொடுக்கலாம்தானே" என்று நாங்கள் இருந்தோம். அறிக்கை நல்லதாக இருக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அழைப்பு வரவில்லை என்பதை நல்ல சேதியாக எடுக்காமல், அறிக்கை எந்தத் தேதியில் வரும் என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி, அந்தத் தேதியில் நீங்களே போய் நில்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பில், நோயாளி முதன்முதல் வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் இன்னதென்று கண்டறிந்துவிட வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் வைத்தியரைக் காணாமலே ஒரு 60 நாள்களைக் கழித்துவிட்டீர்கள்.

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன்.

மட்டக்களப்புத் தேசத்தில் குடி தாய்வழியாக வருவது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது. பிள்ளை தாயின் குடி. கோயில் உரிமையும் திருவிழா முறையும் சம்பந்தம் பேசுவதும் அந்தக் கணக்கில்தான். உங்கள் அம்மா அந்தக் கணக்கையே நோய்க்கும் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) கோயில் முறையை அறியா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பரம்பரையலகிலும் ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொன்று தகப்பனிடமிருந்தும் வருகிறது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபட்டவற்றில் முதன்மையானவை பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று பெயர் பெற்றவை. முன்னது 1994 இலும் பின்னது 1995 இலும் அடையாளம் காணப்பட்டன. பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) முன்னது 17ஆவதிலும் பின்னது 13ஆவதிலும் இருக்கின்றன. இரண்டுமே பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் அல்ல. ஆகவே பழுதான பிரதியைத் தாய் கொடுப்பதற்கு எவ்வளவு வாய்ப்போ, அவ்வளவே தகப்பன் கொடுப்பதற்கும் உண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று.

உங்கள் வீட்டுக் கதையிலேயே அம்மாவின் கணக்கு உடைவதைப் பாருங்கள். மாமி உங்கள் அப்பம்மாவின் குடி. பெரியப்பாவும் அதே குடிதான், ஆனால் அவருடைய மகளான அக்கா பெரியம்மாவின் குடி. நீங்களோ உங்கள் அம்மாவின் குடி. ஒரு பழுது மாமிக்கும் அக்காவுக்கும் பொதுவாக வந்திருந்தால், அது நோயே வராத ஓர் ஆணின் ஊடாக, பெரியப்பாவின் ஊடாக, குடி விட்டுக் குடி தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அப்படியே அது உங்கள் அப்பாவிடமும் சத்தமில்லாமல் இருக்கலாம். ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது அரிது, மொத்த நோயாளர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவே ஆண்கள். அதனால் தகப்பன் வழி வரும் பழுது ஒரு தலைமுறை ஒளிந்திருந்து பேத்தியிடம் வெளிப்படும்போது, அதை எவரும் பாட்டியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது "இருந்தால்" என்ற கணக்கு மட்டுமே. மாமியும் அக்காவும் ஒரே பழுதைக் கொண்டிருந்தால், உங்கள் அப்பாவுக்கு அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, உங்களுக்கு நான்கில் ஒன்று. மாமியின் மகனான உங்கள் கணவருக்கு இரண்டில் ஒன்று. சொந்தத்துக்குள் மணம் முடித்திருப்பதால் உங்கள் பிள்ளைகளுக்கு இரு பக்கமிருந்தும் வழி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் உங்கள் மகளுக்கு மூன்றில் ஒன்றை ஒட்டி வரும். மகனுக்கும் அதே கணக்குத்தான். அவர்கள் உங்கள் குடியில் பிறந்ததால் இந்தக் கணக்கு மாறாது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். மார்பகப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. இந்த நோய் இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். ஒரு பெரிய குடும்பத்தில் இருவருக்கு வருவது தற்செயலாகவும் நிகழக்கூடியது. மறுபுறம், இந்நோய் கண்ட பெண்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் அதற்கு முன் எவருக்கும் அது இருந்ததில்லை. "எங்கட குடும்பத்தில இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதை நீங்கள் சொல்லலாம்.

உண்மையை அறியும் வழி உங்கள் இரத்தத்தில் தொடங்குவதில்லை, அக்காவின் இரத்தத்தில் தொடங்குகிறது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை வீணாக்குகிறார்கள். நோய் வந்தவரிடம் பழுது இருக்கிறதா, இருந்தால் அது எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே கண்டால், அந்த ஓர் இடத்தை மட்டும் உங்கள் அப்பாவிடமோ உங்களிடமோ தேடினால் போதும். உங்களிடம் இல்லை என்று வந்தால், அந்தப் பழுதைப் பொறுத்தவரை நீங்கள் மற்றப் பெண்களைப் போன்றவர்தான். அக்காவிடமே இல்லை என்று வந்தால், உங்களைச் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை. 50 வயதுக்குள் நோய் கண்டிருப்பதாலும் அத்தை முறையானவர் ஒருவர் அதே நோயில் இறந்திருப்பதாலும், அக்கா தம்முடைய புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் பரம்பரையலகுப் பரிசோதனை பற்றிக் கேட்பது நியாயமானது. அதற்கு முன் வீட்டில் வயதானவர்களிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: அப்பா வழியில் "வயிறு வீங்கி", "வயிற்றில் நீர் கோத்து" இறந்த பெண்கள் உண்டா? இதே பரம்பரையலகுகள் சூலகப் புற்றுநோயையும் தருபவை. முந்திய தலைமுறையில் அதற்குப் பெயர் தெரியாது, வயிறு வீங்கியது மட்டுந்தான் ஞாபகத்தில் இருக்கும்.

பழுது இருப்பது உறுதியானால் அதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. 2017 இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ. 1 பழுதுள்ள பெண்களுக்கு 72 சதவீதமாகவும் பி.ஆர்.சி.ஏ. 2 பழுதுள்ளவர்களுக்கு 69 சதவீதமாகவும் இருக்கிறது. அத்தகையவர்களுக்கு இளவயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கான், நோய் வருமுன் மார்பகத்தையோ சூலகங்களையோ அகற்றும் சத்திரசிகிச்சை என்று வழிகள் உண்டு. உங்கள் மகளுக்கு இப்போது 14 வயது. இந்த வயதில் அவருக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, 18 வயதுக்கு முன் இதைச் சோதிப்பதும் வழக்கமில்லை. அவர் பெரியவரானதும் தாமே தீர்மானிக்கட்டும். இப்போது அவருக்கு முன்னால் இந்தக் கணக்குகளைப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

வராமல் தடுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். முற்றாகத் தடுக்கும் வழி இல்லை. குறைக்கும் வழிகள் சில உண்டு, அவற்றில் ஒன்றை நீங்கள் அறியாமலே செய்திருக்கலாம். 2002 இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரு பெண் மொத்தமாக ஒவ்வொரு 12 மாதம் தாய்ப்பால் கொடுப்பதற்கும் அவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைவது தெரிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை இரண்டு வருடம் பால் கொடுத்திருந்தால் அது உங்கள் கணக்கில் வரவு. மாதவிடாய் நின்ற பின் உடல் பருக்காமல் பார்த்துக்கொள்வது, வாரத்தில் 150 நிமிடமாவது வியர்க்க நடப்பது, மதுவைத் தொடாதிருப்பது ஆகியனவும் உதவும். முட்சீத்தா இலையை அவித்துக் குடிப்பதால் இது வராது என்றோ வந்தது போகும் என்றோ சொல்வதற்கு மனிதரில் செய்த ஆய்வு எதுவும் துணை நிற்கவில்லை. கறுப்பு உள்ளாடை, அடிபட்ட காயம், கண்ணூறு ஆகியவற்றுக்கும் இதில் பங்கில்லை. வெற்றிலையும் புகையிலையும் வாய்க்கு எமன். உங்கள் அம்மா வெற்றிலை போடுபவரானால், கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போய் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி அவர் கவலைப்படாத இடத்தில், அவரைப் பற்றி நீங்கள் கவலைப்படலாம்.

சுயபரிசோதனையைப் பற்றியும் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 20 வயது முதல் மாதந்தோறும் மார்பகங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும்படி நம் நாட்டுச் சுகாதாரத் துறை பெண்களுக்குச் சொல்கிறது. நாடளாவிய மமோகிராம் திட்டம் இல்லாத நாட்டில் அது பொருத்தமான அறிவுரைதான். ஆனால் ஷங்ஹாயில் 2,66,064 ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து நடத்தி 2002 இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், முறைப்படி சுயபரிசோதனை பழக்கிய பெண்களிடையே இந்நோயால் இறப்பது குறையவில்லை. தேவையற்ற பயொப்சிகள் மட்டும் கூடின. அதனால் பெண்களை அட்டவணை போட்டுப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. குளிக்கும்போது சவர்க்காரக் கையோடு தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதே போதும். நீங்களும் அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். கட்டி மட்டுமன்றி, தோல் தோடம்பழத் தோல்போல் தடிப்பது, முலைக்காம்பு புதிதாக உள்ளிழுப்பது, அதிலிருந்து இரத்தம் கசிவது, காம்பில் ஆறாத சொறி, பால் கொடுக்காத மார்பு சிவந்து வீங்குவது, அக்குளில் கட்டி ஆகியவையும் வைத்தியரைக் காண வேண்டிய குறிகள். கண்டுபிடித்த பிறகு நடக்கும் தாமதமே நம் பகுதியில் பெண்களைக் கொல்கிறது.

பயொப்சி புற்றுநோய் என்று சொன்னாலும், உங்கள் நிலை மாமியின் நிலையாகிவிடாது. கச்சான் பருப்பளவுக் கட்டிக்கு முழு மார்பையும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது நல்ல இழையத்தையும் எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தவர்களும், முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் உயிர் வாழ்ந்தனர் என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002 இல் வெளியிட்டார்கள். பரம்பரைப் பழுது உறுதியானால் இந்தத் தீர்மானம் வேறாகலாம். அதனாலும் அக்காவின் பரிசோதனை முக்கியமானது. அக்குளில் முதலாவது நிணநீர்க் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோய் இல்லாவிட்டால் மற்றவற்றை விட்டுவிடுவதால், முன்னைய காலத்தில் பலருக்கு வந்த கைவீக்கம் இப்போது குறைந்திருக்கிறது.

அதன் பிறகு எந்த மருந்து என்பதைக் கட்டியின் குணமே தீர்மானிக்கும். ஈஸ்திரஜன் ஓமோனைப் பற்றிக்கொண்டு வளரும் கட்டிகளே பெரும்பாலானவை, நூற்றுக்கு எழுபதுக்கு மேல். அவற்றுக்கு டமொக்சிபென் போன்ற மாத்திரை ஐந்து முதல் பத்து ஆண்டு. ஐந்து ஆண்டு ஒழுங்காக எடுத்தவர்களில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதில் நான் கண்ட பெரிய சிக்கல் மாத்திரையின் தீமை அல்ல. இரண்டாம் வருடத்தில் "எனக்கு இப்ப சுகம்தானே" என்று நிறுத்திவிடுவதுதான். ஹேர்-2 என்னும் புரதம் மிகுந்த கட்டிகளுக்கு அதற்கென்றே ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து உண்டு. இவை எதற்கும் இணங்காத ஒரு வகையும் உண்டு, அதற்குக் கீமோவே முதற்கருவி. கீமோவில் தலைமயிர் கொட்டும், பிறகு முளைக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடி, தெரியாத ஊரில் அறை எடுத்துத் தங்கிய காலம் இப்போது இல்லை. அரச வைத்தியசாலையில் இச்சிகிச்சை இலவசம். காணி ஈடு வைக்க வேண்டிய தேவை இல்லை. அமெரிக்கப் பதிவேடுகளில், நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறத்தாழ 99 சதவீதம். தூர உறுப்புகளுக்குப் போன பிறகு ஏறத்தாழ 30. மாமி எந்த எண்ணுக்குள் போனார் என்பதும், அவரை அங்கே கொண்டுபோனது அந்த ஒரு வருடந்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கணவருக்குச் சொல்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். தாயின் விஷயத்தில் அவரை மிகவும் வதைத்தது நோயாக மட்டும் இருந்திருக்காது. ஒரு வருடம் தாய் அதைத் தன்னிடமிருந்து மறைத்ததும் இருந்திருக்கும். அதே வீட்டில் அதே மறைப்பு இன்னொருமுறை நடந்ததென்று அவர் பிறகு அறிவது, இப்போது கட்டியைப் பற்றிக் கேட்பதைவிடப் பாரமானது. பெரிய பேச்சாகச் சொல்ல வேண்டியதில்லை; "வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போகவேணும், நீங்களும் வாங்க" என்று தொடங்கினால் போதும், மீதியைப் பஸ்ஸில் சொல்லலாம். வைத்தியரிடம் இரண்டு பேர் கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பார். அவர் தம்முடைய தாயின் பழைய வைத்தியசாலைக் கொப்பியையோ பயொப்சி அறிக்கையையோ எங்காவது பெட்டியில் வைத்திருக்கக்கூடும்; இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அக்காவைப் பார்க்கப் போகும்போது அவருடைய அறிக்கையிலும் ஒரு போட்டோப் பிரதி வாங்கி, இரண்டையும் உங்கள் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, முதல் நாளே வைத்தியரிடம் கொடுங்கள்.